ஆடி அமாவாசையும் அவித்த முட்டையும்

போன வாரம் நம் மீன் வளர்ப்புக் குழுவில் ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள்: "அக்கா, குஞ்சு நீந்த ஆரம்பிச்சிட்டு. முதல்ல என்ன குடுக்கணும்?" கேட்டு முடிப்பதற்குள் ஆளாளுக்குப் பதில். ஒருவர் பாசி பிடித்த பச்சைத் தண்ணீர் என்றார். ஒருவர் ஆர்ட்டிமியா என்கிற உப்புநீர்ப் பூச்சி என்றார். இலத்தூர்த் தம்பி வீடியோவே அனுப்பிவிட்டான். எல்லாம் சரியான பதில்தான். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. "கோமதியக்காவுக்குக் கோபமா?" என்று இரண்டு பேர் தனியாக வேறு கேட்டார்கள்.

கோபமெல்லாம் இல்லை. அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் ஒரு வரியில் அடங்காது, அவ்வளவுதான். தொட்டிகளை உங்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்துவிட்டு முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத நேரம் இருக்கிறது. நீங்களும் மோட்டார் ஓடுகிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு வந்து உட்காருங்கள்.

மேலகரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிமெண்டுத் தொட்டிகள், பாதியாக அறுத்த நீல டிரம்கள், மேலே தகரக் கூரை. கீழே இருப்பதோ சுத்த சைவ வீடு. வெங்காயம்கூட நாள் பார்த்துத்தான் உள்ளே வரும். கல்யாணமாகி வந்த புதிதில் நான் மீன் வளர்க்கப்போகிறேன் என்றதும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "வளத்து?" என்பது. வளர்த்து விற்பேன், பார்ப்பதற்கு மட்டும்தான் வாங்குவார்கள் என்று சொன்ன பிறகே மூச்சு விட்டார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அத்தை எனக்கு ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார். முட்டை நிலைப்படி தாண்டக் கூடாது. மீன்குஞ்சுக்கு அவித்த மஞ்சள் கரு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். எதிர்வீட்டு பாத்திமுத்து அக்கா முட்டையை அவித்து, உரித்து, மூடி போட்ட தம்ளரில் தருவார். வெளிப்படி வழியாக நேரே மாடிக்குக் கொண்டு போய்விடுவேன். வீட்டுக்குள் வராத முட்டை, அதனால் சட்டம் மீறவில்லை. அத்தைக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார். ஒரு குடும்பம் நடப்பதற்கு இது போதும்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு முதல் ஜோடியைக் கொடுத்தவர் செங்கோட்டையில் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த அண்ணாச்சி. பேர் வேண்டாம், அவருக்குப் பேர் போட்டுப் புகழ்ந்தால் பிடிக்காது. பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும், தண்ணீரை வெள்ளம் என்பார். ஒருநாள் நான் குஞ்சுத் தொட்டியில் தீவனம் போடப் போனபோது கையில் இருந்த கிண்ணத்தை வாங்கிப் பின்னால் வைத்துவிட்டார். "கையைக் கட்டிக்கிட்டு வெள்ளத்தைப் பாரு. வயிறு தெரியுதா? காலியா இருந்தாக் குடு. உன் மனசு காலியா இருக்குன்னு குடுக்காதே" என்றார். பசித்துச் செத்த குஞ்சுகளைவிட நம் பாசத்தில் செத்த குஞ்சுகள் அதிகம் என்பது அவர் கணக்கு. இப்போது அவரும் இல்லை, கடையும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் சித்திரை வெயில் என் தொட்டிகளைச் சூறையாடிவிட்டது. கரண்ட் இல்லாத ஒரு மத்தியானத்தில் காற்று மோட்டார் நின்று, தண்ணீர் சுட்டு, வளர்த்ததில் பெரும்பகுதி போயிற்று. தப்பியது இரண்டு ஆண், ஒரே ஒரு பெண். பால் வெள்ளை உடம்பு, தலையில் மட்டும் சிவப்பு. தங்கமீனில் ஒரு ஜாதி, கடைக்காரர்கள் ரெட் கேப் என்பார்கள். அந்தச் சிவப்பு கன்னத்தில் வழியாமல், கண்ணை மூடாமல், உச்சியில் மட்டும் உட்கார வேண்டும் என்று ஒவ்வொரு சீசனிலும் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த வம்சம் அது. அண்ணாச்சி கொடுத்த ஜோடியில் தொடங்கியது. அந்தப் பெண்மீன் முட்டை போடாமல் போனால் நான் செய்தது எல்லாம் அதோடு முடிந்தது. இன்னொரு தரம் முதலிலிருந்து தொடங்க எனக்கு வயசும் இல்லை, முட்டியும் இல்லை. இது கடைசி என்று எனக்குள் முடிவு செய்துவிட்டேன்.

ஆனி கழியும்போது மேற்கே மலை மேகத்தில் மறைந்தது. செங்கோட்டைப் பக்கத்திலிருந்து காற்று வந்தது, பின்னால் சாரல் வந்தது. தொட்டித் தண்ணீர் குளிர்ந்ததும் ஆண்மீன்களின் செவுளில் ரவை தூவியது போல வெண்புள்ளிகள் வந்தன, ஜோடி சேரத் தயார் என்று அர்த்தம். முட்டை ஒட்டிக்கொள்ள நைலான் கயிற்றைப் பிரித்து நார்நாராகக் கட்டித் தொங்கவிட்டேன். ஒருநாள் விடியற்காலையில் மாடியில் சளப் சளப் என்று சத்தம். போய்ப் பார்த்தால் இரண்டு ஆணும் அவளைச் சுவரோடு நெருக்கிக்கொண்டு சுற்றுகின்றன. அவள் கயிற்றுக்குள் பாய்ந்து பாய்ந்து வெளியே வருகிறாள். சாரலில் நனைந்துகொண்டே பார்த்தேன். எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரே கேள்விதான். மாடியில் ஒரு சிமெண்டுத் தொட்டி, மலைமேல் மழை பெய்ததை அதற்குள் இருக்கிற மீனுக்கு யார் சொன்னார்கள்?

வெயில் ஏறுவதற்குள் அவள் ஓய்ந்துவிட்டாள். பெரிய மீன்களைப் பிரித்து வேறு தொட்டியில் விட்டேன், இல்லாவிட்டால் பெற்ற முட்டையைத் தாயே தின்றுவிடும். மறுநாள் பார்க்கிறேன், அவள் சாய்ந்து மிதக்கிறாள். வயசான மீன், தாங்கவில்லை. செம்பருத்திச் செடிக்கு அடியில் புதைத்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. இனி அந்தக் கயிற்றில் ஒட்டியிருப்பதுதான் என் வம்சம் முழுவதும்.

அன்றைக்குப் பார்த்துச் சாரல் மழையாக மாறியது. காற்றில் தகரம் ஒரு பக்கம் பிய்ந்து, தொட்டிகள் நிரம்பி வழிந்தன. முட்டைக் கயிற்றை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு கீழே ஓடி வந்தேன். ஒரு பாதி டிரம்மை உருட்டி வந்து பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், பூஜை அறைக்கு எதிரே ஜன்னலோரமாக வைத்தேன். வீட்டில் வெளிச்சம் விழுகிற இடம் அது ஒன்றுதான்.

அத்தை வந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏட்டி கோமதி, இந்த டிரம்முலயா விடப்போறே? செம்பு அண்டா சும்மாதானே கெடக்கு. அதுல விடு."

"செம்புல விட்டாச் செத்துரும் அத்தை."

"செம்புத் தண்ணி உடம்புக்கு நல்லதுன்னு ஊரே சொல்லுது."

"நமக்கு நல்லது. இதுகளுக்கு விஷம்."

"என்ன பிறவியோ" என்றார். ஆனால் டிரம்மைச் சுற்றிச் சிந்தியிருந்த தண்ணீரை அவரே துடைத்தார்.

அத்தைக்கு அப்போதுதான் இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருந்தது. உலகத்தைப் புதிதாக வாங்கி வந்ததைப் போல எல்லாவற்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த காலம். என்னைவிட அவருக்குக் கண் துல்லியம். மறுநாள் காலையில் பதிகம் படித்து முடித்தவர் டிரம் பக்கம் குனிந்தார். வெள்ளை வெள்ளையாக இருக்கிற முட்டைகளை நான் ஊக்கு முனையால் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, முட்டையை ஏன் எடுக்கே?"

"இது செத்தது அத்தை. ஆண்மீனோட பால் படாதது. விட்டா பூசணம் பிடிச்சுப் பக்கத்துல உள்ளதையும் கெடுத்துரும்."

"அப்ப உயிருள்ளது எங்கன இருக்கு?"

"அதுக்குப் பக்கத்துலதான். கண்ணாடி மாதிரி இருக்கும். சட்டுன்னு தெரியாது."

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கடுகைவிடச் சின்னதாக, தண்ணீருக்குள் தண்ணீர்ச் சொட்டாக, கயிறு முழுக்க ஒட்டியிருந்தது அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. ஒன்று தெரிந்தால் பிறகு எல்லாம் தெரியும்.

"கண்ணுக்குத் தெரியறது செத்தது. தெரியாததுதான் உயிரா?" என்றார். கொஞ்சம் கழித்து, "சிதம்பர ரகசியமால்லா இருக்கு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அவர் பாட்டுக்கு டிரம்மைக் காவல் காக்க ஆரம்பித்தார். அதற்கு அடுத்த நாள் என்னைக் கூப்பிட்ட குரலைக் கேட்டு, கையில் மாவோடு ஓடினேன். ஒவ்வொரு சொட்டுக்குள்ளும் இரண்டு கரும்புள்ளிகள். "உடம்பே இன்னும் வரலை. கண்ணு வந்துட்டு. நம்மளைப் பாக்குது" என்றார். உடம்பைச் சிலிர்த்துக்கொண்டார். இத்தனை வருஷம் பார்த்த எனக்கும், அவர் சொன்ன பிறகு சிலிர்த்தது.

பிறகு பொரிந்தன. இமையிலிருந்து உதிர்ந்த முடி போல டிரம்மின் சுவரில் ஒட்டிக்கொண்டு தொங்கின. அத்தைக்குக் கவலை வந்துவிட்டது.

"இதுக்குச் சாப்பாடு?"

"வயித்துலயே கட்டுச்சோறு கொண்டு வந்திருக்கு அத்தை. ரெண்டு நாளைக்குத் தாங்கும்."

"முடிஞ்சா?"

"பாப்போம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பாப்போம் என்றேனே தவிர கையில் ஒன்றும் இல்லை. மாடியில் வைத்திருந்த பாசித் தண்ணீர் மழையில் வழிந்து போயிருந்தது. புதிதாக வைத்தாலும் வெயில் இல்லாமல் எப்படிப் பச்சை பிடிக்கும்? ஆர்ட்டிமியா முட்டை டப்பாவில் சாரல் ஈரம் ஏறி, உப்புத் தண்ணீரில் போட்டது பொரியாமல் போட்டபடி கிடந்தது. பொடித் தீவனம் அந்த வாய்க்குள் போகாது. எப்படிச் சுற்றி வந்தாலும் மஞ்சள் கருவில்தான் வந்து நின்றது. இந்தத் தடவை குஞ்சுகள் மாடியில் இல்லை, பூஜை அறைக்கு எதிரே இருக்கின்றன. டிரம்மை மாடிக்குத் தூக்கலாமென்றால் பொரிந்த குஞ்சைக் குலுக்கினால் அதோடு சரி. போதாக்குறைக்கு அவை சுவரை விட்டு எழுந்து நீந்தப்போகிற நாள், ஆடி அமாவாசை.

எங்கள் பக்கத்து வீடுகளில் ஆடி அமாவாசை என்றால் என்னவென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மாமா போனதிலிருந்து அத்தை நெற்றியில் திருநீறு மட்டும், பொட்டு இல்லை. வருஷத்தில் அந்த ஒரு நாள் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. காலையில் குற்றாலம் போய்க் குளித்து, என் வீட்டுக்காரர் அவர் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்து, வீட்டுக்கு வந்து காக்கைக்குச் சோறு வைத்து, காக்கை வந்து எடுத்த பிறகுதான் எங்களுக்கு இலை. அதுவரை வெறும் தண்ணீர்தான்.

அன்று காலையில் இருவரும் கிளம்பினார்கள். நான் சமையலுக்காக வீட்டில் இருந்தேன். வாசல் வரை போன அத்தை திரும்பி வந்தார். டிரம் பக்கத்தில் குனிந்து, "போயிட்டு வாரேன், என்னா" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் சொல்லவில்லை, அதுகளிடம்.

அவர்கள் போய்ச் சிறிது நேரத்தில் பார்த்தேன். சுவரில் ஒன்றும் இல்லை. நடுத் தண்ணீரில், மேலே, கீழே, எங்கு பார்த்தாலும் நூல் நூலாக நீந்துகின்றன. நான் டிரம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றுமில்லாத தண்ணீர் உயிராக மாறி எழுந்து வருகிறது. இதற்காகத்தான் இத்தனை வருஷம் இந்த வேலையில் கிடந்தேன் என்று தோன்றியது. அடுத்த நிமிஷமே அதுகளின் வயிற்றைப் பார்த்தேன். கண்ணாடி வயிறு, உள்ளே ஒன்றும் இல்லை. கட்டுச்சோறு முடிந்திருந்தது.

பாத்திமுத்து அக்காவிடம் போனேன். "அமாவாசையும் அதுவுமாவா?" என்று கேட்டாலும் அவித்து, உரித்து, தம்ளரில் போட்டுக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் கொல்லைப்புறக் கதவுக்கு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. உள்ளே போய் ஒரு சிட்டிகை கரைத்து விட்டால் ஐந்து நிமிஷ வேலை. அத்தைக்குத் தெரியவே தெரியாது.

கதவில் கை வைத்துக்கொண்டு நின்றேன். கால் உள்ளே போகவில்லை. சட்டத்துக்குப் பயந்து அல்ல. போயிட்டு வாரேன் என்று அதுகளிடம் சொல்லிவிட்டுப் போன மனுஷியின் முதுகுக்குப் பின்னால் அதுகளுக்கே ஊட்டுவது, எனக்கு என்னவோ போல இருந்தது. மாடியில் நடந்தது வேறு. அது அவர் தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டது. இங்கே அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காவல் இருந்தார். குஞ்சு சாயங்காலம் வரை தாங்கும், நாளைக்குத் தாங்காது. அண்ணாச்சி சொன்னது போலக் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தேன். அத்தை வரட்டும், கேட்போம் என்று முடிவு செய்தேன். கேட்டு, அவர் மாட்டேன் என்றால் வம்சம் போச்சு. அதுவும் தெரிந்துதான் முடிவு செய்தேன். தம்ளரை முருங்கை மரத்தடியில் மதில்மேல் வைத்துவிட்டு, குளித்து, அடுப்படிக்குப் போனேன்.

வடைக்குத் தட்டிக்கொண்டிருக்கும்போது கொல்லையில் டங்கென்று சத்தம். அதே நேரம் வாசலில் ஆட்டோ. அத்தை ஈரத் துணியோடு பக்கவாட்டுச் சந்து வழியாக நேரே கொல்லைக்கு வந்துவிட்டார். நானும் பின்கதவைத் திறந்தேன். தம்ளர் கீழே கிடக்கிறது. மதில்மேல் ஒரு அண்டங்காக்கை. அதன் வாயில் முட்டை.

அமாவாசை அன்று காக்கைக்கு முதல் சோறு எங்கள் வீட்டில் அவித்த முட்டையாகப் போயிற்று. அத்தை காக்கையைப் பார்த்தார், தம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காக்கை நிதானமாகத் தின்றுவிட்டு, வாயை மதிலில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டுப் பறந்தது.

"சமையல் ஆயிட்டா?" என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இலையில் சோறு, பருப்பு, அகத்திக்கீரை, வடை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து மாடிச் சுவரில் வைத்தோம். என் வீட்டுக்காரர் "கா, கா" என்று கூப்பிட்டார். ஒன்றும் வரவில்லை. தண்ணீர் தெளித்துக் கூப்பிட்டார். தெருவில் ஒரு இறகு அசைவு இல்லை. விடியற்காலையிலிருந்து வெறும் வயிற்றோடு இருக்கிறவர், வடை வாசனை வேறு.

"அருவியில பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணி விழுது, குளிக்க விடலை, ஆத்தங்கரையிலதான் குளிச்சோம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "நம்ம தெருக் காக்கா பூரா அதை வேடிக்கை பாக்கப் போயிட்டா?" என்றார்.

"எப்படி வரும்?" என்றார் அத்தை. "அதுக்குத்தான் வயிறு நிறைஞ்சுட்டே."

"என்னத்துல நிறைஞ்சுது?"

அத்தை அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"உங்க மாமா ஆலங்குளத்துல வேலை பாத்தப்ப, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல ஆம்லெட் தின்னுட்டு, வெத்தலை போட்டு வாயை மறைச்சுக்கிட்டு வருவாரு. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. கடைசி வரைக்கும் நான் கேக்கலை, அவரும் சொல்லலை." கொஞ்ச நேரம் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்குப் பட்டப்பகல்ல மதில்ல உக்காந்து தின்னுட்டுப் போறாரு."

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அத்தை சொன்னது கேலியா, நிஜமாகவே நம்பிச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தையின் கண் கலங்கியிருந்தது. வாயில் சிரிப்பும் இருந்தது.

விறுவிறுவென்று கீழே இறங்கினார். நான் பின்னால் போனேன். டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்தார். நீந்துகிற குஞ்சுகளைக் கண்டதும் இரண்டு கையும் தானாகக் குவிந்தன.

"கட்டுச்சோறு முடிஞ்சுட்டா?"

"முடிஞ்சுட்டு அத்தை."

"அதுக்குத்தான் அந்த முட்டையா?"

"ஆமா."

"நாங்க இல்லாதப்ப குடுத்திருக்கலாம்லா?"

"குடுத்திருக்கலாம்."

"ஏன் குடுக்கலை?"

"நீங்க அதுககிட்டச் சொல்லிட்டுப் போனீங்க அத்தை. அதான்."

அத்தை இன்னும் கிட்டக் குனிந்தார். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பசும்பால் ஊத்தினா?" என்று கேட்டார். தண்ணீர் கெட்டு எல்லாம் செத்துவிடும் என்றேன். பிறகு நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வி.

"கடையில விக்கிற கோழிமுட்டையில குஞ்சு வருமா?"

"வராது அத்தை. சேவல் சேராத முட்டை."

"அப்ப அது நீ ஊக்கு வச்சுப் பொறுக்கிப் போட்டேல்லா, அந்த வெள்ளை முட்டை மாதிரித்தான்."

"ஆமா அத்தை."

"உயிரில்லாதது. அதைத் தின்னு உயிருள்ளது பொழைக்கும்." நீதிபதி தீர்ப்பு எழுதுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "காக்கைக்கு வச்சாச்சு. அது வேண்டாங்குது. நம்ம வீட்டுக்குள்ள பசியோட இருக்கறதுக்கு வைக்காம இலை போடப்படாது. போய் ஒரு முட்டை வாங்கிட்டு வா."

"பாத்திமுத்து அக்காகிட்ட அவிச்சுத் தரச் சொல்லுதேன்."

"அவளை ஏன் போட்டுத் தொந்தரவு பண்ணணும்? நம்ம வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த வீட்டுலயா உலை வைக்கது? அடுப்படிக்கு மட்டும் கொண்டுவராதே. கொல்லையில வை."

மூன்று செங்கல்லைக் கூட்டினேன். ஒரு பழைய அலுமினியச் சட்டியைக் கழுவி வைத்தேன். எல்லா ஓலையும் சாரலில் ஊறிப்போய்ப் புகைந்ததே தவிர எரியவில்லை. நான் ஊதி ஊதிக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன். அத்தை உள்ளே போய்த் திரும்பி வந்தார். கையில் பூஜை அறைச் சூடம். ஓலைக்கு அடியில் கட்டியை வைத்து அவரே பற்றவைத்தார். குப்பென்று பிடித்துக்கொண்டது.

அந்தச் சூடத்தின் வாசனையில் முட்டை வெந்தது. என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. குற்றாலத்து அருவியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மஞ்சள் கருவில் ஒரு மிளகளவு கிள்ளி, மெல்லிய துணியில் கட்டி, தண்ணீரில் பிழிந்தேன். டிரம்மில் விட்டதும் மஞ்சள் புகை மாதிரி இறங்கியது. அதற்குள் குஞ்சுகள் நுழைந்தன. நான் கையைக் கட்டிக்கொண்டேன். அத்தை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூக்கு தண்ணீரில் படுகிற மாதிரி குனிந்திருந்தார்.

"கோமதி" என்றார். "வயித்துல மஞ்சக் கோடு வருது. ஒண்ணொண்ணுக்கா வருது."

ஆமாம், வந்தது. கண்ணாடி வயிறுகளில் ஒவ்வொன்றாகப் பொன்னிறத்தில் ஒரு இழை ஏறியது. இன்னும் கொஞ்சம் விடு என்று அவர் சொல்லவே இல்லை. எனக்கு அண்ணாச்சி கிண்ணத்தை வாங்கி வைத்துப் புரியவைக்க வேண்டியிருந்த விஷயம் அது. அத்தை நிறைந்த வயிற்றைப் பார்த்தார், போதும் என்று கையைக் காட்டினார்.

அப்போதுதான் மாடியிலிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார்: "வந்துட்டு, வந்துட்டு, வடையை எடுத்துட்டு." அத்தை என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எழுந்து இலை போட்டேன்.

முதலில் என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்ட தங்கச்சிக்கு இப்போது சொல்கிறேன். தீவனம் எது என்று இந்தக் குழுவில் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். வீட்டில் மீன் வளர்க்கிறோம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம், அதில் வீடு என்று ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறோம். மாடியில் ஒளித்துச் செய்யலாம், பின்கதவு வழியாகச் செய்யலாம், கொஞ்ச நாள் ஓடும். ஆனால் அவசரம் என்று ஒன்று வரும். அப்போது வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு டிரம்முக்கு முன்னால் உட்காரவை. கண் தெரிகிற முட்டையைக் காட்டு. மற்றதை அதுவே பேசிக்கொள்ளும். முடியாது என்று அவர்கள் சொல்லிவிட்டால்? எனக்கு அப்படி நடக்கவில்லை, அவ்வளவுதான்.

மீதிக் கதையும் சொல்லிவிடுகிறேன். குஞ்சுகள் வளர்ந்தன. மாடிக்குப் போயின. மற்றவை போகட்டும் என்று அத்தை ஒரு கை நிறையக் குஞ்சுகளைப் பட்டாசல் டிரம்மிலேயே வைத்துக்கொண்டார். எல்லாம் சேற்று நிறம். மாதங்கள் போயும் சேற்று நிறம்தான். இந்த மீனுக்கு நிறம் பிந்தித்தான் வரும் என்று தெரிந்தும் தினமும் குனிந்து குனிந்து பார்த்தேன். தாயும் இல்லை. தகப்பன் மீன்களும் ஐப்பசி மழையில் போய்விட்டன. சிவப்பு உச்சியில் வராமல் உடம்பெல்லாம் பரவினால் உயிர் இருந்தும் வம்சம் இல்லை. கார்த்திகையில் வயிற்றுப்பக்கம் வெளுக்க ஆரம்பித்தது. நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன், பயம்.

மார்கழியில் ஒருநாள் காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே பதிகம் பாதியில் நின்றது. அத்தை பதிகத்தைப் பாதியில் நிறுத்தி நான் கேட்டதே இல்லை. என்னவோ ஏதோ என்று ஓடினேன். டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வெளிச்சம் தண்ணீரில் விழுந்திருந்தது. பால் வெள்ளையாக ஒரு சின்ன மீன் திரும்பியது. உச்சியில் மட்டும் சிவப்பு. கன்னத்தில் இல்லை, கண்ணில் இல்லை.

அத்தை திருநீறு பூசிய தன் நெற்றியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"ஏட்டி, பொட்டு வச்சுட்டா" என்றார். "மத்ததை எல்லாம் யாருக்கு வேணும்னாலும் குடு. இவ இங்கனயே இருக்கட்டும்."

அவள் அங்கேயேதான் இருந்தாள். உங்கள் தொட்டிகளில் இருக்கிற ரெட் கேப் எல்லாம் அவள் பிள்ளைகள்.